கோடைப் பூச்சிக்கடி: அரிப்பை அடக்குவது எப்படி, கடிபடாமல் தப்புவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "வெயில் காலம் வந்தால் வீட்டில் எல்லோரையும் பூச்சி பிடுங்குகிறது. கணவருக்கு ஒரு புள்ளிகூடத் தெரிவதில்லை. ஆறு வயது மகளுக்கோ கடித்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிவிடுகிறது. இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள், காலெல்லாம் கருந்தழும்பு. அரிப்புக்கு என்ன போடலாம்? கடிக்காமலே பார்த்துக்கொள்ள வழி உண்டா?"

கணவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவரையும் கொசு கடிக்கத்தான் செய்கிறது. அவர் உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். கொசுக்களில் பெண் மட்டுமே கடிக்கும். முட்டை உருவாக அதற்கு ரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். உறிஞ்சும்போது ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தன் உமிழ்நீரைக் கொஞ்சம் தோலுக்குள் விடும். அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகப் பார்க்கிறது. உடனே தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தடிப்பு, சிவப்பு, அரிப்பு எல்லாம் அதன் பிறகு வருபவை. கொசு பறந்து போய் ஒரு நாள் ஆன பிறகும் அரித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல்முறை கடிபடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. பல முறை கடிபட்ட பிறகுதான் உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்போது எதிர்வினை கடுமையாக இருக்கும்; குழந்தைகள் பொதுவாக இந்தக் கட்டத்தில்தான் இருப்பார்கள். பல வருடங்கள் கடிபட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும். உங்கள் கணவர் அந்த நிலைக்கு வந்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் வேறு ஊருக்குப் போய் வேறு வகைக் கொசு கடித்தால் அவருக்கும் தடிக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு வகையின் உமிழ்நீரும் வேறு. இன்னொன்று: தடிப்பு வராதவருக்கும் டெங்கு வரும், மலேரியா வரும். அரிக்கவில்லை என்பதற்காக அவர் கொசுவலைக்கு வெளியே படுக்கக் கூடாது.

அரிப்பு இரண்டு தவணையாக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த மருந்தை எப்போது போடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். கடித்த சில நிமிடங்களில் வெளிறிய மெத்தென்ற தடிப்பு எழும்பும். சுமார் 20 நிமிடத்தில் அது உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அமுங்கும். இது முதல் தவணை. ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து அதே இடத்தில் சிவந்த, கெட்டியான சிறு புடைப்பு வந்து பல நாள் நிற்கும். இது இரண்டாவது.

முதல் தவணைக்குச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதே போதும். குளிர்ச்சியில் ரத்த நாளங்கள் சுருங்கும், அரிப்பைக் கொண்டுபோகும் நரம்பும் மந்தமாகும். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். அப்புறம் காலமைன் லோஷன். துத்தநாக ஆக்சைடு கலந்த அந்த இளஞ்சிவப்புக் குழம்பு காயும்போது குளிர்ச்சி தரும். பெரிய மருந்து என்று சொல்ல முடியாது, ஆனால் குழந்தைக்கும் பயமில்லாமல் போடலாம், ஏதோ பூசியிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே கை சொறியப் போகாது. சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவதும் சிலருக்கு உதவுகிறது.

சூடு வைப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். கடித்த இடத்தில் சுமார் 50 டிகிரி வெப்பத்தைச் சில விநாடி மட்டும் கொடுக்கும் சின்னக் கருவிகள் விற்கின்றன. அவை அரிப்பைக் குறைக்கின்றன என்பது உண்மையே. அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் காய்ச்சி வைக்கப் போனால் கொசுக்கடி போய்த் தீப்புண் வரும். கரண்டிக்குத் தன் வெப்பம் எத்தனை டிகிரி என்று தெரியாது.

இரண்டாவது தவணைக்கு, அதாவது மறுநாளும் சிவந்து அரித்துக்கொண்டே இருந்தால், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டு களிம்பை ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு முறை, கடித்த புள்ளியில் மட்டும் மெலிதாகத் தடவலாம். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். தோல் கிழிந்திருந்தாலோ சீழ் இருந்தாலோ தடவக் கூடாது. முகத்துக்கும் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை: வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த 'எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு' பல வீடுகளின் அலமாரியில் இருக்கும். பூச்சிக்கடிக்கு அதில் எதுவுமே தேவையில்லை. அடிக்கடி போட்டால் தோல் மெலிந்துபோகும்.

மகளைப் போல நிறைய வீங்குகிறவர்களுக்கு வெளிப்பூச்சை விட, ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையோ சிரப்போ நன்றாகக் கேட்கும். செட்டிரிசின், லோராட்டடின் போன்றவை அதிகம் தூக்கம் தராது. செட்டிரிசினில் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் அசத்தும். பழைய வகையான குளோர்பெனிரமின் நன்றாகவே தூங்க வைத்துவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கடிபடுவதற்கு முன்பே செட்டிரிசின் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தடிப்பும் அரிப்பும் குறைந்ததாகப் பின்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே பூச்சி மொய்க்கும் இடத்துக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்தால் முன்கூட்டியே கொடுக்கலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். ஆன்டிஹிஸ்டமின் களிம்பாக வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலருக்கு அந்தக் களிம்பே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும்.

சொறிவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் புண்ணும் தழும்பும் நகத்தால் வந்தவை. சொறிந்தால் சுகமாக இருப்பது பொய்யில்லை. நகம் தரும் லேசான வலி, தண்டுவடத்தில் அரிப்பின் சமிக்ஞையைச் சிறிது நேரம் அமுக்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கீறல் தோலை மேலும் அழற்சிக்குள்ளாக்க, அரிப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பும். இதற்குள் நகக்கண்ணில் இருக்கும் கிருமி கீறல் வழியாக உள்ளே போய்விடும். 'சொறியாதே' என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டுங்கள். சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கவோ தட்டவோ சொல்லிக்கொடுங்கள். தூங்கும்போது மெல்லிய முழுநீளப் பருத்தி உடை போடலாம். அறை குளிர்ச்சியாக இருந்தாலே அரிப்பு குறையும். உடம்பு சூடானால் கூடும்.

கைவைத்தியங்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்: எலுமிச்சைச் சாறு. அதிலுள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளித்து, மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கோடையில் இதைப் பூசிவிட்டு வெளியே அனுப்புவது வம்பை விலைகொடுத்து வாங்குவதுதான். பற்பசை, வினிகர், நீர்க்காத வாசனை எண்ணெய்கள் எல்லாம் எரிச்சலைக் கூட்டக்கூடியவை. எரிச்சலில் அரிப்பு மறந்துபோவதைக் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? குழந்தைக்குக் கடித்த சில மணி நேரத்திலேயே பெரிதாக வீங்கிச் சூடாக இருந்தால், லேசான காய்ச்சல்கூட வந்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை. இதற்கு ஸ்கீட்டர் சிண்ட்ரோம் என்று பெயர்; ஐஸுக்கும் ஆன்டிஹிஸ்டமினுக்கும் அடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, அடங்க வேண்டிய நேரத்தில் சிவப்பு பரவி, வலி கூடி, சீழ் வைத்தால் அது கிருமித் தொற்று, ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பிரித்துச் சொல்வது நேரக்கணக்குதான். அதனால் வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதி வையுங்கள். மருத்துவர் உங்களுக்கு நன்றி சொல்வார். முதல் முறை இவ்வளவு வீங்குகிறது என்றால் எப்படியும் ஒரு முறை காட்டிவிடுங்கள். மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றல், கடிக்காத இடங்களிலும் உடம்பெங்கும் தடிப்பு, இவை அவசர நிலை. கொசுவை விடத் தேனீ, குளவி கொட்டும்போதுதான் இது அதிகம் வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கடிபட்ட பின் வரும் நாட்களிலோ வாரங்களிலோ கடும் காய்ச்சல் வந்தால் கொசுக்கடியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, தடுப்புக்கு வருவோம். இதில் பலரும் தவறுவது எங்கே என்றால், கடித்தது எது என்று பார்க்காமலே கொசுவிரட்டி வாங்குவதில். ஆடை மூடாத இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடிப்பு இருந்தால் கொசு. காலையில் எழுந்ததும் வரிசையாகவோ கொத்தாகவோ நாலைந்து தடிப்பு தெரிந்தால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். மெத்தையின் தையல் ஓரத்தில் கரும்புள்ளிகள் தென்படும். கணுக்காலைச் சுற்றி மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் தெள்ளுப்பூச்சி, அப்போது வைத்தியம் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ தேவை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் இரவில் மட்டும் தாங்க முடியாத அரிப்பு, அதுவும் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். எந்த விரட்டியும் அதை ஒன்றும் செய்யாது, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும். கடியே அல்லாத ஒன்றும் உண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் செம்மை, கருமை கலந்த மெல்லிய வண்டு ஒன்று தோலில் நசுங்கினால், அதன் நஞ்சு பட்ட வழியெல்லாம் மறுநாள் கோடு இழுத்தது போல எரிந்து கொப்புளிக்கும். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மூட்டைப்பூச்சி என்றால் தோலில் எதைப் பூசியும் பயனில்லை. விரிப்பு, உறை, துணி எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, கட்டில் இடுக்கு வரை சுத்தம் செய்ய வேண்டும். ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜந்து அது. தானாகப் போகட்டும் என்று விட்டுவிட முடியாது.

கொசு என்றால் அது பிறக்கும் இடத்தில் கைவைப்பதுதான் மலிவு. வெயில் ஏற ஏற அதன் வளர்ச்சியும் வேகமெடுக்கும். சூடான நீரில் முட்டை ஏழிலிருந்து பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர், ஏசியின் நீர் சொட்டும் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்த நிலையிலும் அது மாதக்கணக்கில் பிழைத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். இந்தக் கொசு பகலில், முக்கியமாக விடிந்த பிறகும் சூரியன் மறையும் முன்பும் கடிக்கும். மாலையில் மட்டும் ஜன்னலைச் சாத்துகிறவர்களுக்கு இது கணக்கிலேயே வராது.

சிலரை மட்டும் கொசு தேடிவந்து கடிப்பது வெறும் பிரமையில்லை. நாம் விடும் கரியமில வாயு, உடல் சூடு, தோலின் வாசம் மூன்றையும் வைத்துத்தான் அது நம்மைக் கண்டுபிடிக்கிறது. தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் உள்ளவர்களைக் கொசுக்கள் விடாமல் நாடுவதை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். 'இனிப்பு ரத்தம்' என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம். அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கரியமில வாயுவை மோந்த ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தன. பச்சை, நீலம், வெள்ளையைக் கண்டுகொள்ளவில்லை. வெளிர்நிறத் தொளதொள ஆடை நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய உடையின் மேலிருந்தே கொசு குத்திவிடும்.

விரட்டிகளில் அதிக காலம் சோதிக்கப்பட்டது டீட். 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்களுக்கு வந்தது. அதன் சதவீதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத்தான் சொல்கிறது: 10 சதவீதம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், 30 சதவீதம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 50க்கு மேலே போவதில் லாபமில்லை. குழந்தைகளுக்கு 30ஐத் தாண்ட வேண்டாம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் பத்திரம். அந்த வாசமும் பிசுபிசுப்பும் பிடிக்காதவர்களுக்கு 20 சதவீத பிக்காரிடின். என்னைக் கேட்டால் வீட்டில் குழந்தை இருந்தால் இதையே எடுப்பேன். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், தொட்டிலுக்கு வலை மட்டும்.

பூசும் முறையும் முக்கியம். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், காய்ந்த பிறகு விரட்டி. இரண்டும் கலந்த ஒரே குழம்பை வாங்காதீர்கள்; சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக் கூடாது. ஆடைக்கு உள்ளே போட வேண்டாம். குழந்தைக்கு உங்கள் கையில் எடுத்துத் தடவுங்கள். அவள் கைகளில் பூசாதீர்கள், அவை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். வீடு திரும்பியதும் கழுவிவிடுங்கள்.

பணத்தை வீணாக்கும் பொருட்களும் நிறைய. நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் வேலை செய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2007இலேயே இதைச் சொல்லிவிட்டது. வாசனை வளையல்கள், பூண்டு, வைட்டமின் பி மாத்திரை எல்லாம் அதே ரகம். நீல விளக்கில் பூச்சியைப் பொசுக்கும் கருவி பற்றி 1996இல் அமெரிக்காவின் டெலவேரில் எண்ணிப் பார்த்தார்கள்: செத்த 13,789 பூச்சிகளில் மனிதனைக் கடிக்கும் வகை 31 மட்டுமே. மற்றதெல்லாம் பாவம், அப்பாவிகள். கொசுவர்த்திச் சுருள் கொசுவைக் குறைக்கும். ஆனால் ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் குழந்தையோடு அதை ஏற்றி வைக்க எனக்கு மனம் வராது.

அதற்குப் பதில் மின்விசிறியைப் படுக்கைக்கு நேராகத் திருப்புங்கள். கொசு பறப்பதில் பலவீனமானது, காற்றை எதிர்த்து வர முடியாது. நம் மூச்சுக்காற்றும் கலைந்துபோவதால் தடம் கண்டுபிடிப்பதும் கடினம். மேலே கொசுவலை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு சதுர அங்குலத்துக்கு 156 துளை. வலையை மெத்தைக்கு அடியில் செருகி, குழந்தையின் கை கால் அதில் உரசாதபடி தொங்கவிட வேண்டும். உரசினால் வெளியிலிருந்தே கடிக்கும்.

புல்வெளி, காட்டுப்பக்கம் போனால் உண்ணியையும் பார்க்க வேண்டும். அது கடிப்பது தெரியாது. திரும்பியதும் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள் தேடுங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ வளையமாக விரியும் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக அந்தக் கருந்தழும்புகள். அவை பெரும்பாலும் தழும்பே இல்லை. அழற்சி ஆறிய இடத்தில் தங்கிப்போன நிறமி. மாநிறத்தோலில் இது அதிகம் தெரியும், மங்கச் சில மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் கால்களை ஆடையால் மூடுவதும் சன்ஸ்கிரீனும் உதவும். வெளுக்கும் களிம்பு எதையும் ஆறு வயதுக் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். புதிய கடிகளைச் சொறியாமல் பார்த்துக்கொண்டால் பழையவை தாமாக மங்கும்.